வெள்ளையம்மாளும் தண்ணீர்ப் புல்லும்

சவுரிராயனின் மனைவி முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்த மாதத்தில், விடிந்து கதவைத் திறந்தால் அவர் வீட்டு வாசற்படியில் ஒரு தூக்குச்சட்டி இருக்கும். உள்ளே இறால். வெறும் இறால் இல்லை. தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவி எடுத்து, மஞ்சள் போட்டு அலசி வைத்த இறால். வாணலியில் போட்டு வதக்குவதுதான் பாக்கி. பள்ளிக்கூடம் போகிற மகள் அமலா, கையில் முள் குத்திக்கொள்ளாமல் ஆக்கி வைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிடுவாள்.

யார் வைக்கிறார்கள் என்று சில நாள் தெரியவில்லை. பங்குக் கோயில் பெண்கள் யாராவது இருக்கும் என்று நினைத்து, சவுரிராயன் ஜெபத்தில் பொதுவாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சீக்கிரமே எழுந்தவர், ஈரப்புடவையோடு தெருமுனையில் திரும்புகிற முதுகைப் பார்த்துவிட்டார். மனைவி குணமாகி வீடு வந்த பிறகு ஒருமுறை அவளிடம் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தார்.

"உன் வூட்டு வாசலுக்கு நான் இன்னாத்துக்கு வரேன்? எனக்கு வேற வேலை வெட்டி இல்லியா?" என்று எரிந்து விழுந்தாள் வெள்ளையம்மாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் அப்படித்தான். செய்வதைச் சத்தமில்லாமல் செய்வாள். வாயைத் திறந்தால் மட்டும் ஊரே காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

மரக்காணத்துப் பக்கம், கழுவெளி ஏரியின் தண்ணீர் கடலில் போய்ச் சேருகிற ஓடையின் கரையில் ஓடைமேடு என்று ஒரு சின்ன ஊர். அங்கேதான் அவள் பிறந்தாள், அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். படகு இல்லை, வலை இல்லை, சென்ட் நிலம் இல்லை. கைதான் முதல். கடல் தண்ணீர் ஓடைக்குள் ஏறி வருவதை ஏத்தம் என்பார்கள், இறங்கிப் போவதை வத்தம் என்பார்கள். வத்தம் தொடங்கியதும் அவள் ஓடையில் இறங்குவாள். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவுவாள். விரலில் இறால் துள்ளினால் அடுத்த நொடி அது பறிக்குள் கிடக்கும். நண்டு கடித்தால் கடித்ததுதான். வாயில் பறி இருப்பதால் கத்தவும் முடியாது.

"அந்தப் பறியைக் கவ்வினு இருக்கிற நேரந்தான் எனக்கு நிம்மதி" என்பார் அவள் புருஷன் மண்ணாங்கட்டி. உப்பளத்தில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாத மனுஷன். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவளுக்கு அது வாகாகப் போயிற்று. கோபம் வந்தால், "கட்டினது ஒரு மண்ணாங்கட்டிய, மழைக்கும் ஆவாது வெயிலுக்கும் ஆவாது" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

சவுரிராயனிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. ஓடைமேட்டுப் பெண்கள் பிடிக்கிற இறாலையும் நண்டையும் ஏற்றிக்கொண்டு போய்த் திண்டிவனம் மார்க்கெட்டில் சேர்ப்பது அவர் பிழைப்பு. வண்டியின் முகப்பில் வேளாங்கண்ணி மாதா படம் இருக்கும். அதில் ஏறுகிற யாரும் அந்தப் படத்துக்கு முன்னால் கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். வெள்ளையம்மாள் மட்டும் பேசுவாள். பேசிவிட்டு, "தாயே, மன்னிச்சிக்கோ, ஆனா நான் சொன்னது நாயந்தான்" என்று படத்தைப் பார்த்துக் கும்பிடுவாள்.

இந்தக் கதை எல்லாம் ஒரு புல்லைப் பற்றியது.

ஓடையின் தென்கரையை ஒட்டித் தண்ணீருக்கு அடியில் ஒரு புல் வளர்ந்திருந்தது. இலை மெல்லிசாக, நூலைக் கொஞ்சம் தட்டையாக்கிய மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் அதைத் தண்ணிப் புல்லு என்றார்கள். அதற்குத் தனியாகப் பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. குஞ்சு இறாலும் குஞ்சு நண்டும் அந்தப் புல்லுக்குள்தான் ஒளிந்து வளரும். அங்கிருந்து பெருத்துத்தான் ஓடை முழுவதும் பரவும். புல் இருந்தால் இறால் இருக்கும் என்பது ஓடைமேட்டில் குழந்தைக்கும் தெரியும்.

கார்த்திகையில் புயல் அடித்தது. ஏரிகள் உடைந்து, காட்டுத்தண்ணீர் எல்லாம் கழுவெளி வழியாக ஓடைக்கு வந்தது. அதே நேரம் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிட்டது. வந்த தண்ணீர் போக வழியில்லை, கடல் தண்ணீர் உள்ளே வரவும் வழியில்லை. உப்புத் தண்ணீரில் வாழ்ந்த புல் வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் கிடந்தது. அதுவும் செம்மண் கரைந்த தண்ணீர். கையை உள்ளே விட்டால் மணிக்கட்டு தெரியாது. தை பிறந்து மண்ணை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்து விட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், முக்கால்வாசி இடத்தில் புல்லே இல்லை, வெறும் சேறு. மீதி இருந்தது பழுத்துக் கிடந்தது. அதற்கு மேல் பச்சைப் பச்சையாய், நூல் நூலாய்ப் பாசி வந்து போர்த்திக்கொண்டது.

மாசியில் சவுரிராயனின் ஆட்டோ பாதி பெட்டியோடு திண்டிவனம் போனது. பங்குனியில் அதுவும் இல்லை.

"தம்பி, வுழுப்பொரம் போலாம் வா. மனு குடுக்கணும்" என்று ஒரு திங்கட்கிழமை வந்து நின்றாள் வெள்ளையம்மாள். தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"எதுக்குக்கா மனு?"

"புல்லு சாவுது இல்ல? மேல சொல்ல வேணாமா?"

புல்லுக்கு மனுவா என்று சவுரிராயனுக்குத் திகைப்பு. ஆனால் அந்தத் தூக்குச்சட்டி நினைவுக்கு வந்தது. பேசாமல் வண்டியை எடுத்தார்.

விழுப்புரத்தில் பெரிய ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவர் அரங்கநாதன். காதில் பேனா, நெற்றியில் நாமம், குரலில் நீதிபதியின் தோரணை.

"பிரச்சனை இன்னா?"

"புல்லு சாவுதுங்க."

"எந்தப் புல்லு?"

"தண்ணிக்குள்ள இருக்கிற புல்லு."

"தண்ணிக்குள்ள புல்லு எப்படிம்மா இருக்கும்? அழுவிடாது?"

"இத்தினி வருசமா அழுவலியே. நீ வந்து பாரேன்."

அரங்கநாதன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பிறகு ஒரே மூச்சில் எழுதி, எழுதியதை ராகத்தோடு வாசித்தார்: "எங்கள் பகுதியில் புல் முற்றிலும் அழிந்து, அதனை நம்பி வாழும் வாயில்லா உயிர்கள் தீனியின்றி வாடி வதங்குவதால், சமூகம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து..."

வெள்ளையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாத்தான்யா எழுதுறே" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

சித்திரையில் போன் வந்தது. திண்டிவனத்துக்கு வாருங்கள், புல் தருகிறோம் என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா தம்பி? சர்க்காருன்னா சர்க்காருதான். தண்ணிப் புல்லு வெதைகூட வச்சினு இருக்காங்க போல" என்றாள். சவுரிராயனும் நம்பினார். வழியில் ஒரு மாதா கெபியில் வண்டியை நிறுத்தி மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தார்.

அது மாட்டாஸ்பத்திரி. உள்ளே ஒரு டாக்டர் அம்மா, வேணி என்று பெயர்ப்பலகை வைத்திருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் கரும்புத் துண்டு மாதிரி கட்டுக் கட்டாகத் தீவனப்புல் கரணை.

"எத்தினி மாடும்மா வச்சிருக்கீங்க?"

"மாடு இல்லீங்க."

"ஆடு?"

"ஆடும் இல்லீங்க."

"அப்புறம் யாருக்கும்மா புல்லு?"

"எறாவுக்குங்க."

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. "எறா புல்லு திங்குமா?"

"திங்காதுங்க. ஒளிஞ்சிக்கும்."

அந்த அம்மா நல்ல பெண். சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, இது எங்கள் வேலை இல்லை, தவறாக இங்கே வந்துவிட்டது என்று பொறுமையாகச் சொன்னது. ஆனாலும் கரணையை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தால்தான் மனு முடியும், வைக்காவிட்டால் அது தொங்கிக்கொண்டே இருக்கும் என்றும் சொன்னது. வேறு வழியில்லாமல் ஒரு கட்டுக் கரணையை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மரக்காணம் ரோட்டில் ஏறிய பிறகும் அவள் யாரையும் திட்டவில்லை. அதுவே சவுரிராயனுக்குப் பயமாக இருந்தது.

"இத்த இன்னாக்கா பண்றது?" என்று கேட்டுப் பார்த்தார்.

"தலையில சொருவினு ஆடு" என்றாள்.

இரண்டாம் மனுவுக்கு அரங்கநாதன் வேறு யோசனை சொன்னார். "புல்லுன்னு போட்டதுதாம்மா தப்பு. தண்ணியில வளர்றது கோரை. கோரைன்னு போடுவோம், கரெக்டான ஆபீசுக்குப் போவும்." போயிற்று. விவசாய ஆபீசிலிருந்து ஒரு தம்பி போன் செய்தது. கோரையை அடியோடு ஒழிக்க மருந்து இருக்கிறது, எத்தனை ஏக்கர் என்று கேட்டது.

வெள்ளையம்மாள் போனை முறத்தில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "செத்துக்கினு கெடக்குதுடான்னா, சாவடிக்க மருந்து தர்றேன்றான்."

அந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மனிடம் முறையிட்டுவிட்டு வந்தாள். "அவகிட்ட குடுத்தா வேற ஆபீசுக்கு அனுப்ப மாட்டா" என்றாள் சவுரிராயனிடம். அவர் தன் பங்குக்கு அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் பிடித்தார். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிற புனிதர். புல்லையும் தேடிக் கொடுப்பார் என்று ஒரு நம்பிக்கை.

வெயில் ஏறியது. வத்தத்தில் ஓடைத் தண்ணீர் இடுப்புக்கும் கீழே போய், தொட்டால் சுட்டது. மேலே பாசி இன்னும் தடித்தது. அதன் அடியில் தென்கரை ஓரமாக ஒரு பாய் விரித்த மாதிரிக் கொஞ்சம் புல் மட்டும் உயிரோடு இருந்தது. ஓடை முழுக்கத் தேடினாலும் மிச்சம் அதுதான். அது போனால் திரும்ப முளைக்க வேர் இல்லை, இறால் வந்து ஒதுங்க இடம் இல்லை. வெள்ளையம்மாள் தினமும் போய்ப் பாசியைக் கையால் வாரி வாரிக் கரையில் போடுவாள். மறுநாள் போனால் மறுபடி மூடியிருக்கும்.

மூன்றாம் முறையும் விழுப்புரம் போனார்கள். இந்த முறை தெளிவாகச் சொன்னாள்: "பாசிய எடுக்கணும். அடியில இருக்கிற புல்லைத் தொடக் கூடாது. எழுதிக்கோ."

அரங்கநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, கோவிச்சிக்காதீங்க. மறுபடி புல்லுன்னு ஒரு வார்த்தை உள்ள வந்துச்சின்னா, நேரா மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போவும். இன்னொரு கட்டுக் கரணை வேணுமா?"

அவள் சவுரிராயனைப் பார்த்தாள். சவுரிராயன் வானத்தைப் பார்த்தார். முன்னால் வாங்கி வந்த கரணையே அவர் வீட்டுக் கொல்லையில் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. பக்கத்து வீட்டு மாடு வேலியை உடைத்துக்கொண்டு வந்து வந்து சண்டை.

"வேணாம்க்கா" என்றார். "புல்லு வேணாம். பாசி மட்டும் போடட்டும்."

"சரி, போட்டுத் தொலை" என்றாள் அவளும். 'ஓடையில் மண்டிக் கிடக்கும் பாசியை முழுவதுமாக அகற்றித் தருமாறு' என்று மனு போனது.

இந்த மனு மட்டும் ஜல்தியாக நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓடைமேட்டுக் கரையில் ஒரு பெரிய லாரி வந்து நின்றது. அதிலிருந்து தண்ணீரில் மிதக்கிற பொக்லைனை இறக்கினார்கள். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஆனந்தராஜ் என்று ஒரு பையன், கூலிங் கிளாஸ் போட்டு, கையில் காகிதத்தோடு. பொக்லைனின் அள்ளுவாய் ஒரு கட்டில் அகலம் இருந்தது. முதல் அள்ளு அள்ளிக் கரையில் கொட்டியது. பாசி, சேறு, நத்தை, அடியில் கிடந்த பழைய புல்லின் வேர் எல்லாம் சேர்ந்து வந்து விழுந்தது.

வெள்ளையம்மாள் ஓடி வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வழியிலேயே விழுந்துவிட்டது.

"நிறுத்துடா! யாரைக் கேட்டு வாருறே?"

ஆனந்தராஜ் காகிதத்தை நீட்டினான். "நீங்கதானம்மா கேட்டீங்க? வெள்ளையம்மாள், கணவர் பேர் மண்ணாங்கட்டி. நீங்கதானே? முழுவதுமாக அகற்றித் தருமாறுன்னு போட்டிருக்குது."

"பாசியத்தானே எடுக்கச் சொன்னேன்? புல்லை இன்னாத்துக்கு எடுக்கிறே?"

"புல்லா? எல்லாமே பாசிதானம்மா. பச்சையாத்தானே கீது."

அவள் அந்தக் குவியலில் குனிந்து, ஒரு கொத்துப் பாசியை ஒரு கையிலும் ஒரு புல்லை வேரோடு மறு கையிலும் எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இதுக்கு வேரு கீதா? இதுக்கு கீதா? கண்ணாடிய கழட்டிட்டு பாரு."

அவன் பார்த்தான். புரிந்தது மாதிரியும் இருந்தது. ஆனால், "வேலைய நிறுத்தணும்னா மேல சொல்லணும்மா. நீங்க திங்கட்கிழமை போயி, எடுக்க வேணாம்னு ஒரு மனு குடுங்க" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் கரையில் நின்ற சவுரிராயனுக்கே, வாழ்நாளில் முதல்முறையாக, மாதா படத்துக்கு முன்னால் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

வெள்ளையம்மாள் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. வீட்டுக்குப் போய்ப் பறியை எடுத்து வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி, தென்கரையோரம் அந்தப் புல் இருக்கிற இடத்துக்கு நேராகப் போய்க் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தாள். பறியைப் பல்லில் கவ்வினாள். துழாவத் தொடங்கினாள்.

"அம்மா, எழுந்திரிங்கம்மா. மெஷின் வரணும்" என்றான் ஆனந்தராஜ்.

பறியை வாயிலிருந்து எடுத்து, "நான் என் வேலைய பாக்குறேன். நீ உன் வேலைய பாரு. நான் உன்ன ஒண்ணும் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு மறுபடி கவ்விக்கொண்டாள்.

தண்ணீருக்கு மேலே ஒரு தலையும் ஒரு பறியும் மட்டும் தெரிகிற இடத்தில் எந்த ஆபரேட்டர் அள்ளுவாயை இறக்குவான்? அவன் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தான். கொஞ்ச நேரத்தில், அவளோடு இறால் பிடிக்கிற குப்பம்மாள் வந்து இறங்கினாள். பின்னாலேயே ஓடைமேட்டுப் பெண்கள் எல்லோரும். ஏத்தம் வந்து தண்ணீர் வாய்க்கு ஏறினால் எழுந்து நிற்பார்கள், வத்தத்தில் மறுபடி உட்காருவார்கள். வெள்ளி போய்ச் சனியும் அப்படியே. இறால் ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. கைதான் ஊறி வெளுத்துப் போனது. சவுரிராயன் மரவள்ளிக்கிழங்கு வேக வைத்து, டீயும் சேர்த்து வண்டியில் கொண்டு வந்து கரையில் வைத்தார். அவரால் முடிந்தது அது.

சனிக்கிழமை மதியம் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கலைமதி என்று பெயர், பெருமுக்கல் ஊர்ப்பெண், காலேஜில் கடல் படிப்பு படிக்கிறாள். போன வருஷமும் பிளாஸ்டிக் பைப்பில் செய்த ஒரு சதுரச் சட்டத்தைத் தண்ணீருக்குள் வைத்து வைத்து எதையோ எண்ணிக்கொண்டு போனவள். அப்போது, நிலம் அளக்க வந்திருக்கிறாள் என்று பயந்து யாரும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. இப்போது விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்தாள். ஆனந்தராஜிடம் பேசினாள், அவன் போனை வாங்கி இன்ஜினியரிடம் பேசினாள், தன் சாரிடம் பேசி அவரை இன்ஜினியரிடம் பேச வைத்தாள். சாயங்காலத்துக்குள் பொக்லைன் தென்கரையை விட்டு, புல்லே இல்லாத மேற்கு வளைவுக்குப் போய்விட்டது. ஆனந்தராஜுக்குத்தான் அதிகச் சந்தோஷம். "அப்பாடா, பேஜாரு வுட்டுது" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

பெண்கள் குலவை போட்டார்கள். சவுரிராயன் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னார்.

கலைமதி கண்ணாடி அடி வைத்த ஒரு வாளியைத் தண்ணீரில் அமிழ்த்தி, அந்தப் புல்லைக் குனிந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வாடியது.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க."

வெள்ளையம்மாள் பார்த்தாள். சவுரிராயனும் பார்த்தார். பாய் மாதிரி இருந்த புல் இப்போது கிழிந்த பாயாக இருந்தது. நடந்த தடம், உட்கார்ந்த குழி, துழாவிய குழி. சேறு கிளம்பி மிச்ச இலைகள் மேல் மாவு பூசின மாதிரி படிந்திருந்தது. இரண்டு நாள் இத்தனை பேர் உட்கார்ந்தே காப்பாற்றியது, உட்கார்ந்தே பாதி போயிருந்தது.

வெள்ளையம்மாள் வாளியை விட்டு நிமிர்ந்தாள்.

"நாங்க மிதிச்சா சாவுதுன்றியா?" என்றாள் வெள்ளையம்மாள். "பொறந்ததுல இருந்து மிதிக்கிறேன். எங்கம்மா மிதிச்சா. அப்பல்லாம் சாவல?"

"அப்ப அது திடமா இருந்துச்சிக்கா. மிதிச்ச எடத்துல மறுபடி வேர் ஓடிக்கும். இப்ப அப்படியா? நல்ல தண்ணியில கெடந்துது, சேத்துல வெளிச்சம் இல்லாம கெடந்துது, பாசி மூடிச்சி, அதுக்கு மேல இந்த வெயிலு. ஒண்ணு ஒண்ணா வந்திருந்தா தாங்கியிருக்கும். எல்லாம் சேந்தாப்போல வந்துச்சி. சொரத்துல கெடக்கிறவங்க மேல ஏறி நடக்க முடியுமா?"

"அப்ப இன்னா பண்ணச் சொல்றே?"

கலைமதி தயங்கித்தான் சொன்னாள். "அடியில வேருல இன்னும் உசிரு கீதுக்கா. மேல பாசிய மட்டும் கரையில நின்னு கோலால எடுக்கலாம். ஆனா இது பரவுற வரைக்கும், ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, யாரும் இந்தப் பக்கம் எறங்கக் கூடாது."

"யாரும்னா?"

"நீங்களுந்தான்."

சவுரிராயன் அன்றைக்கு வெள்ளையம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. ஓடையில் வேறு எங்கும் இறால் இல்லை. இருப்பது இந்த ஓரத்தில்தான். இதற்காகத்தான் அவள் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அலைந்தாள். இப்போது புல் பிழைக்க வேண்டுமென்றால் அவள் பிழைப்பை அவளே விட வேண்டும்.

"படிச்சதுங்க சொல்றது ஒண்ணுகூட ஒரு மனுசன் செய்யிற மாதிரி இருக்காது" என்று சொல்லிவிட்டு ஈரத்தைப் பிழியாமலே வீட்டுக்கு நடந்தாள்.

ஆனால் மறுநாள் சவுரிராயன் பூசை முடிந்து வரும்போது, அவளும் மண்ணாங்கட்டியும் கரையில் சவுக்குக் கழி நட்டு, அந்த ஓரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் குப்பம்மாள் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது? நேத்து வாங்கடி வாங்கடின்னு உக்கார வச்சே. இன்னிக்குப் போங்கடின்னு கவுறு கட்டுறே. உங்கப்பன் வூட்டு ஓடையா?"

"ஆமா, எங்கப்பன் வூட்டு ஓடைதான். எறங்கிப் பாரு, காலை ஒடிக்கிறேன்."

"அப்ப நாங்க இன்னாத்த துன்றது?"

வெள்ளையம்மாள் முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் உப்பளத்துக்குப் போனாள். வெயிலில் உப்பை வாரி வாரிக் கால் வெடித்தது. தண்ணீரிலேயே கிடந்த காலுக்கு உப்புத் தரை ஒத்துக்கொள்ளவில்லை. வேலை விட்டு வரும்போது கோலை எடுத்துக்கொண்டு கரையில் நின்று பாசியைச் சுருட்டி எடுப்பாள். யாராவது கயிற்றைத் தாண்டினால் ஊர் முழுக்கக் கேட்கும். புல்லைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "இந்தச் சனியன் புடிச்ச புல்லு" என்றுதான் சொல்வாள். தண்ணீருக்கு அடியில், மனுஷன் கண் படாத இடத்தில்கூடப் பூக்கிற ஒரு புல்லை ஆண்டவர் உண்டாக்கி, அதைக் காக்க இப்படி ஒரு வாயாடியையும் உண்டாக்கியிருக்கிறாரே என்று சவுரிராயன் நினைத்துக்கொள்வார். நினைத்ததை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் திட்டு விழும்.

ஆவணியில் மழை இறங்கி உப்பளம் முடிந்தது. இறங்கிப் பிடிக்க ஓடையில் இடமில்லை. செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற அவள் மகள், அங்கே ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவ ஆள் கேட்கிறார்கள் என்றாள். அங்கே தண்ணீரில்தான் கை இருக்கும் என்பதால் சம்மதித்தாள் போல. மண்ணாங்கட்டி ஒரு மாதம் முன்பே போய்க் காவல் வேலையில் சேர்ந்திருந்தார்.

அவளையும் ஒரு சாக்கு மூட்டையையும் சவுரிராயன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கும் திட்டிக்கொண்டேதான் வந்தாள். ரோட்டைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், அரங்கநாதனை, பொக்லைனை, குப்பம்மாளை, கலைமதியை. கயிற்றை மாடு அறுத்துவிட்டால் யார் கட்டுவது என்று கேட்டாள். நான் கட்டுகிறேன் என்றார். உனக்கு முடிச்சு போடத் தெரியாது என்றாள்.

"புல்லு புது எலை வுட்டிருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுதுக்கா" என்றார்.

"சொல்லும், சொல்லும். மழைத் தண்ணி வந்து மறுபடி செம்மண்ணாத்தான் கெடக்குது. எலைய எப்படிப் பாத்தாளாம்?"

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியில் மாதா படத்தின் முன்னால் தினமும் அவளுக்காகச் சொல்லும் ஜெபத்தைச் சவுரிராயன் வாய்க்குள் சொன்னார். பஸ் பின்னால் எடுத்துத் திரும்பும்போது அவள் தலையை வெளியே நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

"தம்பி! தண்ணி தெளிஞ்சி அடிமண்ணு தெரிஞ்சா ஒரு போன் பண்ணு. தெரியலன்னா பண்ணாதே. எனக்கு அங்க பாத்திரம் கெடக்கும்."